உச்சிவேளைக்கு வராத கழுகுகள்

எனக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். முழுப் பரீட்சை லீவில் ஆயா என்னைத் திருக்கழுக்குன்றத்துக்குக் கூட்டிப் போனாள். எங்கள் ஊரிலிருந்து செங்கல்பட்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். வெயில் ஏறுவதற்கு முன்னால் மலையேறிவிட வேண்டும் என்று விடியற்காலையிலேயே எழுப்பிவிட்டாள். ஆனாலும் பஸ் கிடைத்து, அடிவாரத்தில் பூ வாங்கி, ஐநூறுக்கு மேல் இருக்கும் அந்தப் படிகளில் பத்துப் படிக்கு ஒருமுறை ஆயா உட்கார்ந்து எழுந்து, மேலே போய்ச் சேர்ந்தபோது கல் கொதிக்கத் தொடங்கியிருந்தது. வேதகிரீஸ்வரரைப் பார்த்தது எனக்கு ஞாபகமில்லை. நான் போனது கழுகு பார்க்க.

காசியில் குளித்துவிட்டு, இங்கே வந்து சாப்பிட்டுவிட்டு, ராமேஸ்வரம் போகிற இரண்டு கழுகுகளின் கதையை ஆயா சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாள். அவை கழுகே இல்லை, சாபம் வாங்கிய முனிவர்கள். யுகத்துக்கு ஒரு ஜோடி, இந்த யுகத்துக்கு இந்த இரண்டு பேர். உச்சிவேளையில் பண்டாரம் சர்க்கரைப் பொங்கலோடு வந்து பாறையில் உட்கார, வானத்தில் எங்கிருந்தோ இரண்டும் இறங்கி வந்து, பயமே இல்லாமல் கிண்ணத்தில் மூக்கை வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போகும். ஆயா கல்யாணமான புதிதில் பார்த்திருக்கிறாள். அப்பா சின்ன வயதில் பார்த்திருக்கிறார். என் முறை வந்தபோது பாறை மட்டும்தான் இருந்தது. இரண்டு காக்கை. கொஞ்சம் குரங்கு. பூக்கட்டிக் கொண்டிருந்த ஒரு அம்மா, இப்போதெல்லாம் வருவதில்லையே, தெரியாதா என்று கேட்டார். 90-களின் கடைசியிலேயே அவை வருவது நின்றுபோயிருந்தது.

"காலம் கெட்டுப் போச்சு, அதான் சாமி வரல" என்றாள் ஆயா. இறங்கும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு ஐஸ் கிடைத்தது, அதோடு நான் மறந்துவிட்டேன்.

அந்த சாமிகளின் பெயர் மஞ்சள்முகப் பாறு என்று தெரிந்தபோது எனக்கு இருபது வயதுக்கு மேல் ஆகியிருந்தது. வெள்ளை உடம்பு, இறக்கை ஓரத்தில் கறுப்பு, எலுமிச்சை மஞ்சளில் முடியில்லாத முகம். பொங்கல் அதற்கு எப்போதாவது கிடைத்த பண்டிகைச் சாப்பாடு. மற்ற நாளில் செத்த விலங்கு, குப்பை, சாணம். ஆமாம், சாணமும்தான். மாட்டுச் சாணத்தில் இருக்கும் நிறமிதான் முகத்து மஞ்சளுக்கே காரணம் என்று ஆராய்ச்சி செய்து சொல்லியிருக்கிறார்கள். இதை ஆயாவிடம் சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் வானத்தில் பெரிதாகப் பறப்பதையெல்லாம் கழுகு என்றுதான் சொல்வோம், நானும் இந்தக் கட்டுரையில் அப்படித்தான் மாற்றி மாற்றிச் சொல்லப்போகிறேன். ஆனால் உயிரோடு இருப்பதைப் பிடித்துத் தின்னும் கழுகு வேறு, பெரும்பாலும் செத்ததைத் தின்று வாழும் இந்த இனம் வேறு. இதற்குப் பாறு என்று தனிப் பெயர் உண்டு, எருவை என்றும் உண்டு, இரண்டும் சங்கப் பாட்டிலேயே இருக்கின்றன. நடுவில் எப்போதோ அந்தப் பெயர்களைத் தொலைத்துவிட்டு, 'பிணந்தின்னிக் கழுகு' என்று திட்டுகிற மாதிரி ஒரு பெயரை வைத்துக்கொண்டோம். சடாயுவுக்கு ஒரு படலமே ஒதுக்கி அழ வைத்த ஊர் இது. அதே பறவை பக்கத்து மரத்தில் வந்து உட்கார்ந்தால் அபசகுனம் என்று கல்லெடுக்கிற ஊரும் இதுதான்.

சரி, மாட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கதை மாட்டில்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் செவலை என்று ஒரு பசு இருந்தது. ஒருநாள் மேய்ச்சலுக்குப் போய்விட்டு நொண்டிக்கொண்டே வந்தது. மறுநாள் முன்னங்கால் முட்டி வீங்கிவிட்டது, எழவில்லை, தவிட்டுத் தண்ணீரைக்கூட முகர்ந்து பார்க்கவில்லை. அப்பா சைக்கிளில் போய் ஊசி போடுகிறவரைக் கூட்டி வந்தார். அவர் டாக்டர் இல்லை, ஆனால் சுற்று வட்டாரத்தில் எல்லா மாட்டுக்கும் அவர்தான். பையைத் திறந்து, மருந்து நிறைந்த ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்து, ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தி, பெரிய சிரிஞ்சில் இழுத்துத் தொடையில் போட்டார். சாயங்காலம் செவலை எழுந்து நின்றது. அம்மா அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். காலிக் குப்பிகள் எங்களுக்குச் சொத்து. அந்த ரப்பர் மூடிகள் நான்கு சேர்ந்தால் ஒரு வண்டிக்குச் சக்கரம் ஆகும். லேபிளைப் படித்துப் பார்க்கிற வயசில்லை. ஆனால் அந்த வருஷங்களில் நாடு முழுக்க, வலி, வீக்கம், காய்ச்சல், மடி நோய் எதுவென்றாலும் மாட்டின் உடம்பில் இறங்கிக்கொண்டிருந்த மலிவான மருந்து ஒன்று இருந்தது. டைக்ளோஃபினாக். நம் வீட்டில் முதுகுவலிக்குத் தடவுகிறோமே, அந்தக் களிம்பில் இருப்பதும் அதுதான்.

அதே 90-களில் ராஜஸ்தானின் பரத்பூரில், கேவலாதேவ் பறவைகள் சரணாலயத்தில், விபு பிரகாஷ் என்ற ஆய்வாளர் ஒரு விபரீதத்தைக் கவனித்தார். 80-களில் அவர் அங்கே கூடு கூடாக எண்ணியிருந்த வெண்முதுகுப் பாறுகள், பத்து வருஷம் கழித்து மறுபடி போனபோது பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தன. மிச்சமிருந்தவை கிளையில் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தூங்கி வழிகிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன. பிறகு விழுந்தன. இந்தியாவில் கோடிக்கணக்கில் இருந்த பறவை இது. 1992-க்கும் 2007-க்கும் நடுவில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. கருங்கழுத்துப் பாறு நூற்றுக்கு மூன்று. எப்படிக் கணக்குப் போட்டாலும் ஒரு பறவை இவ்வளவு வேகமாகக் காலியானதற்கு உலகத்தில் அதிகம் உதாரணம் கிடைக்காது.

வைரஸ் என்றார்கள். பூச்சிமருந்து என்றார்கள். பாகிஸ்தான் பஞ்சாபில் லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் செத்த பாறுகளை அறுத்து அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஈரல், இதயம், சிறுநீரகம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைப் படலம். யூரிக் அமிலம். அதாவது சிறுநீரகம் நின்றுபோய், வெளியே போக வேண்டியது உடம்புக்குள்ளேயே படிந்து செத்திருக்கின்றன. கிருமி இல்லை, ஈயம் இல்லை, பூச்சிமருந்து இல்லை. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தபின், சாதாரணமான ஒரு கேள்வியில் வந்து நின்றார்கள்: இந்தப் பறவை தின்பது என்ன? செத்த மாடு. மாடு சாவதற்கு முன்னால் தின்றது என்ன? மருந்துக் கடைகளில் போய் விசாரித்தார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய, எல்லாரும் வாங்கும் மருந்து எது என்று தேடியதில் டைக்ளோஃபினாக் வந்தது. யூரிக் அமிலம் படிந்து செத்த 25 பறவைகளில் 25-லும் அது இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13-இல் ஒன்றில்கூட இல்லை. 2004-இல் இந்த முடிவு வெளியானது.

ஆயாவின் இரண்டு கழுகுகளின் கணக்கை நான் இந்த மருந்தின் மேல் எழுதப் போவதில்லை. ஆனால் மஞ்சள்முகப் பாறுகளும் அதே வருஷங்களில் நாடெங்கும் மளமளவென்று குறைந்தன என்பது உண்மை.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டுக் கொன்றுவிடவில்லை. வயலில் கிடக்கும் செத்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றில், அதற்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே போதும், இந்த அழிவு முழுக்க நடந்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எப்படி என்றால், பாறு தனியாகச் சாப்பிடாது. ஒன்று இறங்குவதை மைல் கணக்கில் தள்ளி வட்டமிடும் இன்னொன்று பார்க்கும், அதைப் பார்த்து மற்றொன்று. அரைமணி நேரத்தில் ஐம்பது பறவை ஒரே மாட்டின் மேல். பந்தியில் ஒரு அண்டா கெட்டால் ஊரே படுத்துவிடுவது போல. அதோடு வெண்முதுகுப் பாறு வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டையிடும் பறவை, குஞ்சு வளர்ந்து ஜோடி சேர ஐந்து வருஷம் ஆகும். போன உயிருக்கு ஈடு கட்டவே முடியாது.

புலிக்கு எதிரி வேட்டைக்காரன். யானைக்கு எதிரி தந்தம் வாங்குகிறவன். இங்கே எதிரி என்று யாரைக் காட்டுவது? அப்பாவையா? காபி வாங்கிக் குடித்துவிட்டுப் போன அந்த மனிதரையா? மாடு படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் போட்ட ஊசி அது. அந்தக் காசுக்கு வேறு நல்ல மருந்து அவருக்குக் கிடைக்கவும் இல்லை. பாவம் பெருகினதால் பறவை போயிற்று என்று ஆயா நினைத்தாள். நான் எத்தனை தரம் திருப்பிப் பார்த்தாலும் இதில் பாவம் செய்தவர் என்று ஒருவரும் எனக்கு அகப்படவில்லை.

பாறு போன இடத்தில் என்ன வந்தது? ஆயா சொல்வாள், அவள் காலத்தில் ஏரிக்கரையில் செத்த மாட்டை இழுத்துப் போட்டால் பொழுது சாய்வதற்குள் எலும்பு மட்டும் கிடக்கும் என்று. நான் பார்த்த ஏரிக்கரையில் நாய்கள். நாலு நாள், ஐந்து நாள் நாற்றம், அப்புறம் இன்னும் அதிக நாய்கள். பாறின் வயிற்று அமிலம் கடுமையானது, கிருமி அதைத் தாண்டுவது கஷ்டம். நாயிடம் அந்த வசதி இல்லை, ஆனால் வெறிநாய்க்கடி இருக்கிறது. பாறு இல்லாமல் போன மாவட்டங்களையும் முதலிலிருந்தே பாறு அதிகம் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2024-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2000-த்திலிருந்து 2005 வரை மட்டும் இந்தியாவில் கூடுதலாகச் செத்த மனிதர்கள் சுமார் ஐந்து லட்சம் என்பது அவர்கள் மதிப்பீடு. மும்பையில் பார்சிகள் தங்கள் இறந்தவர்களைப் பாறுகளுக்கு வைக்கும் அமைதிக் கோபுரங்களில், பறவை வராததால் வெயிலைக் குவிக்கும் கண்ணாடிகளை வைக்க வேண்டி வந்தது.

2006-இல் கால்நடைக்கான டைக்ளோஃபினாக்கை இந்தியா தடை செய்தது. நேபாளமும் பாகிஸ்தானும் அதே சமயத்தில் செய்தன. மாற்று மருந்தாக மெலாக்சிகாம் இருக்கிறது, பாறுகளுக்குக் கொடுத்துச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை. கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். நம் ஊரில் எந்தக் கதை அப்படி முடிந்தது? மாட்டு மருந்துக்குத்தானே தடை, மனித மருந்துக்கு இல்லையே. மனிதனுக்கான டைக்ளோஃபினாக் ஊசி 30 மில்லி குப்பியில் வந்துகொண்டே இருந்தது. ஒரு மனிதனுக்கு ஒரு தடவைக்கு 3 மில்லி போதும், அப்படியானால் 30 மில்லி யாருக்கு? 2015-இல்தான் மனித மருந்தும் 3 மில்லிக்கு மேல் ஒரே குப்பியில் வரக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். இதைவிட எளிமையான வனவிலங்குச் சட்டத்தை நான் பார்த்ததில்லை. பத்துக் குப்பி உடைத்து ஒரு மாட்டுக்கு ஊசி போட யாருக்கும் பொறுமை இருக்காது, அவ்வளவுதான்.

அப்புறமும் ஓயவில்லை. டைக்ளோஃபினாக் போனால் அசிக்ளோஃபினாக். அது மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது. வேஷம் மாற்றி வந்த அதே ஆள். கீட்டோப்ரோஃபென் இன்னொன்று. இந்த இரண்டையும் கால்நடைக்குத் தடை செய்ய 2023 ஆனது. நிமெசுலைடுக்கு 2024 கடைசி. முதல் தடைக்கும் இதற்கும் நடுவில் பதினெட்டு வருஷம். ஒரு பாறுக் குஞ்சு வளர்ந்து ஜோடி சேர ஆகும் காலத்தைப் போல மூன்றரை மடங்கு.

தமிழ்நாட்டில் பாறு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் மாயாறு ஓடும் பள்ளத்தில்தான். முதுமலையும் சத்தியமங்கலமும் சேருகிற இடம். மூன்று வருஷத்துக்கு முன்னால், தை மாதம், ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினேன். முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு, வயிறு வாய்க்கு வந்துவிட்டது. மேலே ஸ்வெட்டர், கீழே முள்ளுக்காடு, வெயில். ஊட்டிக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த வறண்ட அடிவாரம் இருப்பதே தெரியாது. இங்கே மாடு வளர்ப்பது பாலுக்காக என்பதைவிடச் சாணத்துக்காக. தோட்டங்களுக்கும் கேரளத்துக்கும் லாரியில் சாண உரம் போகும். பட்டி பட்டியாக நாட்டு மாடுகள் காட்டோரத்தில் மேய்கின்றன.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் காலை பத்து மணி வாக்கில் ஜீப் ஓட்டி வந்த அண்ணன் வண்டியை ரோட்டோரம் நிறுத்தி, பேசாமல் மேலே கையைக் காட்டினார். வானத்தில் மூன்று புள்ளி. ஏழு. எண்ணுவதற்குள் பதினொன்று. ரோட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு புள்ளிமான் செத்துக் கிடந்தது, செந்நாய்கள் தின்றுவிட்டுப் போன மிச்சம் என்றார். இறங்கியபோது சத்தம்தான் முதலில் கேட்டது. துணி உதறுகிற மாதிரி, இல்லை, கல்யாண மண்டபத்தில் ஜமுக்காளத்தை உதறுவார்களே, அந்த மாதிரி. கால்களை முன்னால் நீட்டிக்கொண்டு, விமானம் மாதிரி அல்ல, படியில் தடுக்கி விழுகிறவர் மாதிரி இறங்கின. இறங்கியதும் ஓட்டம், ஓட்டத்தில் சண்டை. வெண்முதுகுப் பாறு இறக்கையை விரித்துத் திரும்பும்போதுதான் அந்த வெள்ளை தெரிகிறது, கறுப்புச் சட்டைக்குள் பனியன் தெரிவது போல. கழுத்தை விலா எலும்புக்கு நடுவில் முழுசாக உள்ளே விட்டு எடுக்கிறது. கழுத்தில் இறகு இல்லாததன் காரணம் ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது, எந்தப் பாடப் புத்தகமும் தேவைப்படவில்லை.

செந்தலைப் பாறு ஒன்று மட்டும் தள்ளி நின்றது. சிவப்புத் தலை, காதோரம் தொங்கும் மடல், கூட்டத்தில் சேராத பெரிய மனுஷத் தோரணை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நடந்து வந்தது, மற்றவை விலகிக்கொண்டன. இருபத்தைந்து நிமிஷம் இருக்கும். எல்லாம் முடிந்து, அங்கே தோலும் எலும்பும் மட்டும். நாற்றம் என்று எதுவும் எங்கள் பக்கம் வரவே இல்லை. நான் மூக்கைப் பொத்தத் தயாராகக் கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தேன்.

கூடு எங்கே என்று கேட்டதற்கு, ஆற்றோரம் நீர்மத்தி மரத்தில் என்றார். உயரமான வெள்ளைத் தண்டு மரம், அதன் உச்சியில் குச்சி அடுக்கின கூடு. கருங்கழுத்துப் பாறு பெரும்பாலும் மரத்தில் கட்டாது, அதற்குச் செங்குத்துப் பாறைதான் பிடிக்கும். "மருந்து மட்டும் இல்லீங்க" என்று அவரே தொடர்ந்தார். புலி மாட்டை அடித்துவிட்டால் சில பேர் கோபத்தில் மிச்சத்தில் விஷம் வைத்துவிடுவார்கள். புலிக்கு வைத்த விஷத்தில் முதலில் வந்து உட்காருவது பாறு. கறவை மாட்டைப் பறிகொடுத்தவன் கோபம் எனக்குப் புரிகிறது. நஷ்டஈட்டுக்கு எத்தனை அலுவலகப் படி ஏற வேண்டும் என்று கேட்டுப் பார்த்தால் உங்களுக்கும் புரியும். காசு அன்றைக்கே கைக்கு வந்தால் பாதி விஷம் குறையும் என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான்.

2023 கடைசியில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்று மாநில வனத்துறையும் இந்தக் காடுகளில் ஒரே சமயத்தில் உட்கார்ந்து எண்ணியபோது மொத்தம் 320 பாறு. அந்த வருஷத் தொடக்கத்தில் எண்ணியதைவிட அதிகம்தான், அப்போது 246. இந்த 320-இல் வெண்முதுகு 217. மஞ்சள்முகம் நான்கு. மூன்று மாநிலக் காட்டுக்கும் சேர்த்து நான்கு. அந்த எண்ணைப் படித்த அன்றைக்கு ஆயா ஞாபகம் வந்தது, அவள் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது.

போன மாதம் சித்தப்பா பையன் போன் செய்தான். ஊரில் இன்னும் இரண்டு மாடு வைத்திருப்பது அவன் ஒருவன்தான். ஒன்றுக்கு மடி வீங்கிவிட்டது, டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார் என்றான். என்ன மருந்து என்று கேட்டேன். அவனுக்கு எரிச்சல்.

"இங்கதான் கழுகே இல்லையேண்ணா, எந்த மருந்து போட்டா என்ன?"

நியாயமான கேள்வி. நான் சந்தைக் கணக்கைச் சொன்னேன். பால் வற்றின மாட்டை நீ விற்கிறாய், தரகர் வாங்கி லாரியில் ஏற்றுகிறார், பொள்ளாச்சிச் சந்தைக்குப் போகிறது, வழியில் செத்தால் எங்கே தள்ளுவார்கள், யாருக்குத் தெரியும். மருந்து சில நாளைக்கு உடம்பில் நிற்கும். பாறு ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் பறந்து தேடும். அவன் ம், ம் என்று கேட்டான், நம்பினானா தெரியவில்லை. குப்பியைப் போட்டோ எடுத்து அனுப்பு என்றேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸப்பில் போட்டோ வந்தது. சாணி ஒட்டின விரலில் சின்னக் குப்பி, லேபிள் பாதி நனைந்து. பெரிசாக்கிப் பார்த்தேன். மெலாக்சிகாம். கீழே அவன் குரல் பதிவு: "குப்பையில கிளறி எடுத்தேன், ராத்திரில டார்ச் அடிச்சுக்கிட்டு. மாடு தீனி எடுக்குது. அந்த மூடிய உன் பையனுக்கு எடுத்து வைக்கட்டா?"